அமெரிக்க இசையமைப்பாளர்களும் சிம்பொனி அரங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் பாக், மொசார்ட், பீத்தோவன் என்று மனம் ஜெர்மனி, வியன்னா பக்கம் ஓடிவிடும். அமெரிக்கா என்றால் ஜாஸ், ராக், ஹாலிவுட் பின்னணி இசை. "அங்கே சிம்பொனி எழுதியவர்களும் உண்டா?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இசைக் குறியீடு படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ, ப தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

கச்சேரி இசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

அரங்கில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே எழுதப்படும் இசை. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதும் பெரிய படைப்பான சிம்பொனி, ஒரு தனி வாத்தியம் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ, நான்கு பேர் தந்தி வாத்தியம் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், தனிப் பியானோ எல்லாம் இதில் அடங்கும். ஆபராவும் பாலேயும் மேடை நாடக வகை என்றாலும், அவற்றின் பகுதிகள் கச்சேரிகளில் தனியாக வாசிக்கப்படுவதால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். நம் சபா கச்சேரியிலிருந்து இது வேறுபடுவது ஒரு முக்கியமான இடத்தில். இங்கே நிரவலும் கல்பனாஸ்வரமும் கிடையாது. எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் வேறு ஒருவர், முன்னால் நின்று குச்சியை ஆட்டி நடத்துபவர் மூன்றாமவர். பெரும்பாலும் எழுதியது எழுதியபடி வாசிக்கப்படும். அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லை அமெரிக்கர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பது போகப்போகத் தெரியும்.

ஐரோப்பாவைப் பார்த்துக் காப்பி அடித்ததுதானே எல்லாம்?

19-ஆம் நூற்றாண்டில், ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான். நியூயார்க் ஃபில்ஹார்மானிக் 1842-லேயே தொடங்கிவிட்டது, பாஸ்டன் சிம்பொனி 1881-ல். ஆனால் வாசித்தவர்களில் பலர் ஜெர்மானியர்கள், வாசித்ததும் ஜெர்மானிய இசை. எழுத ஆசைப்பட்ட அமெரிக்கப் பையன்கள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, அங்கே கேட்ட மாதிரியே எழுதினார்கள்.

இதை உடைத்து விட்டவர் வெளியூர்க்காரர் என்பதுதான் வேடிக்கை. செக் நாட்டு இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கை, ஜெனட் தர்பர் என்ற அம்மையார் நியூயார்க்கில் தான் நடத்திய நேஷனல் கன்சர்வேட்டரிக்குத் தலைவராக 1892-ல் வரவழைத்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த ஹாரி பர்லி என்ற கறுப்பின இளைஞர், அடிமைகளின் வழிவந்த ஸ்பிரிச்சுவல் பாடல்களை ட்வோர்ஷாக்குக்குப் பாடிக் காட்டினார். ட்வோர்ஷாக் பத்திரிகையில் பளிச்சென்று சொன்னார்: இந்த நாட்டின் எதிர்கால இசை கறுப்பின மக்களின் பாடல்கள் மேல்தான் கட்டப்பட வேண்டும். 1893 டிசம்பரில் அவருடைய 'புதிய உலகிலிருந்து' சிம்பொனி கார்னகி ஹாலில் அரங்கேறியது.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாஸ்டனில் ஏமி பீச், 'எங்கள் முன்னோர் பாட்டு வேறு' என்கிற தொனியில் பதில் சொல்லி, ஐரிஷ் மெட்டுகளை வைத்து 'கேலிக் சிம்பொனி' எழுதினார். 1896-ல் பாஸ்டன் சிம்பொனி அதை வாசித்தது. ஒரு அமெரிக்கப் பெண் எழுதி அரங்கேறிய முதல் சிம்பொனி அது. இத்தனைக்கும் இசையமைப்பை அவர் பெரும்பாலும் புத்தகங்களை வைத்துத் தானே கற்றவர். "எது நம் இசை?" என்ற சண்டை அன்று தொடங்கியது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும், அரங்குக்கு வெளியே தன் காதில் விழுந்த ஏதோ ஒன்றை உள்ளே கொண்டுவந்துதான் பதில் சொன்னார்கள். தேவாலயப் பாட்டு, பாண்டு வாத்தியம், புளூஸ், டாக்சி ஹாரன், கடைசியில் மழைச்சத்தம் வரை.

முதலில் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

என் ஓட்டு சார்ல்ஸ் ஐவ்ஸுக்கு. இவர் ஒரு இன்சூரன்ஸ்காரர்.

ஐவ்ஸ் 1874-ல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஐவ்ஸ் உள்நாட்டுப் போரில் ராணுவ பாண்டு கோஷ்டியை நடத்தியவர். கொஞ்சம் விசித்திரமான ஆசாமி. பிள்ளைகளை ஒரு சுருதியில் பாடச் சொல்லிவிட்டு, தான் வேறொரு சுருதியில் பக்கவாத்தியம் வாசிப்பார். காது முறுக்கேறட்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பாண்டு கோஷ்டிகள் எதிரெதிராக வேறு வேறு பாட்டு வாசித்துக்கொண்டு வந்து ஒன்றையொன்று தாண்டிப் போகும்போது எழும் களேபரத்தை அந்த வீட்டில் சத்தமாக நினைக்கவில்லை, இசையாகவே கேட்டார்கள். பின்னாளில் மகன் அதை அப்படியே ஆர்க்கெஸ்ட்ராவில் எழுதிவைத்தார். 'நியூ இங்கிலாந்தில் மூன்று இடங்கள்' என்ற படைப்பின் நடுப்பகுதியைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

14 வயதிலேயே சம்பளம் வாங்கும் தேவாலய ஆர்கன் வாத்தியக்காரர். யேல் பல்கலைக்கழகத்தில் முறைப்படி இசை படித்தார். தான் எழுத நினைக்கும் இசையை நம்பினால் பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போட முடியாது என்று கணக்குப் போட்டு, நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் இறங்கினார். ஜூலியன் மைரிக்குடன் கூட்டாகத் தொடங்கிய ஏஜென்சி நாட்டிலேயே பெரிய ஏஜென்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு காப்பீடு தேவை என்று கணக்கிட அவர் ஏஜெண்டுகளுக்காக எழுதிய கையேடு அந்தத் தொழிலில் பேர்போனது. பகலில் பாலிசி, ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் சிம்பொனி.

வாசிக்கத்தான் ஆளில்லை. 114 பாடல்களைச் சொந்தக் காசில் அச்சடித்து 1922-ல் இலவசமாக அனுப்பிவைத்தார். 1920-களின் நடுவில் ஒருநாள், இனி எழுத வரவில்லை, எதுவும் சரியாக ஒலிக்க மாட்டேன் என்கிறது என்று மனைவியிடம் கண்ணீரோடு சொன்னார். அதோடு புதிதாக எழுதுவது நின்றே போனது. அப்புறம்தான் உலகம் கதவைத் தட்டியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மூன்றாம் சிம்பொனி 1946-ல்தான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. பரிசுப் பணத்தில் பாதியை, அந்தக் கச்சேரியை நடத்திய லூ ஹாரிசனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐவ்ஸைத் தொடங்க 'விடை கிடைக்காத கேள்வி' போதும், ஐந்தாறு நிமிடம்தான். தந்தி வாத்தியங்கள் எங்கோ தொலைவில் மெதுவாக, யாரையும் பொருட்படுத்தாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு ட்ரம்பெட் ஒரே கேள்வியை ஏழு முறை கேட்கும். ஆறு முறை குழல் வாத்தியங்கள் பதில் சொல்லப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் பதற்றம் கூடி கடைசியில் எரிச்சலில் கத்தும். ஏழாவது முறை பதிலே வராது. 1908-ல் எழுதியது என்றால் நம்புவது கஷ்டம்.

கெர்ஷ்வின் ஜாஸ்காரரா, செவ்வியல்காரரா?

அவரே அந்தக் கோட்டை மதிக்கவில்லை, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? ப்ரூக்ளினில் 1898-ல் பிறந்து, பாட்டுப் புத்தகம் விற்கும் கடையில் பியானோ வாசித்து வளர்ந்தவர். ஜாஸ் கான்செர்ட்டோ எழுதுகிறார் என்று 1924 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பாண்டு தலைவர் பால் ஒயிட்மன் முந்திக்கொண்டு அறிவித்துவிட்டார். ஏறக்குறைய ஐந்து வாரத்தில் எழுதி முடித்து, பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியது. ஒயிட்மன் குழுவுக்கேற்ப வாத்தியம் பிரித்துக் கொடுத்தவர் ஃபெர்டே க்ரோஃபே. பியானோப் பகுதி சில இடங்களில் எழுதப்படவே இல்லை. கெர்ஷ்வின் மேடையில் கற்பனையாக வாசிப்பார், முடிந்ததும் தலையை ஆட்டுவார், அப்புறம் குழு சேர்ந்துகொள்ளும்.

தொடக்கத்தில் வரும் அந்த கிளாரினெட் இழுப்பு, தெருநாய் ஊளை மாதிரி எழும்பிச் சிரிப்பாக முடியுமே, அதுகூட ஒத்திகையில் ராஸ் கார்மன் விளையாட்டாக வாசித்தது. ஸ்வரம் ஸ்வரமாக எழுதியிருந்ததை அவர் ஜாரு போல வழித்து இழுத்தார், கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே இருக்கட்டும் என்றார். 'பாரிஸில் ஓர் அமெரிக்கன்' படைப்புக்கு (1928) பாரிஸிலிருந்து நிஜமான டாக்சி ஹாரன்களை வாங்கி வந்தார். 1937-ல் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 38.

அகன்ற புல்வெளி, குதிரை, கௌபாய்... அந்த 'அமெரிக்க ஒலி' எங்கிருந்து வந்தது?

ப்ரூக்ளினிலிருந்து! ஏரன் கோப்லண்ட் (1900–1990) யூதக் குடியேறிகளின் மகன், அப்பாவுக்குச் சொந்தமாகக் கடை. அவர் இசை கற்றது பாரிஸில், நாடியா புலான்ஷே என்ற ஆசிரியையிடம். இந்த அம்மையாரிடம் படித்த அமெரிக்கர்களைப் பட்டியல் போட்டால் அதற்கே தனிப் பக்கம் வேண்டும்.

கோப்லண்டின் ரகசியத்தைக் கர்நாடக இசைக் காதுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஜெர்மானியர்கள் ஸ்வரங்களை நெருக்கி அடுக்கி, திரைச்சீலை மேல் திரைச்சீலையாகப் போடுவார்கள். இவர் ஸ–ப, ஸ–ம போன்ற அகலமான இடைவெளிகளை வைத்து, நடுவில் எதையும் போடாமல் விட்டுவிடுவார். தம்பூராவில் அந்த வெட்டவெளியை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் காலி இடம்தான் கேட்பவர் மனத்தில் புல்வெளியாகிறது.

'பில்லி த கிட்' (1938), 'ரோடியோ' (1942), 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' (1944) என்று மூன்று பாலேக்கள். மூன்றாவது, நடனமணி மார்த்தா கிரஹாமுக்காக எழுதியது. வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் சிறிய அரங்கில் இடம் இல்லாததால் 13 வாத்தியங்களுக்கு மட்டுமே எழுதினார். அதில் 'ஷேக்கர்' என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் எளிய பாட்டு ஒன்று வரும், பிறகு அது ஐந்து விதமாக உருமாறும். எழுதி முடிக்கும்வரை அதற்குப் பெயரே இல்லை, 'மார்த்தாவுக்கு ஒரு பாலே' என்றுதான் காகிதத்தில் இருந்தது. பின்னால் கிரஹாம், ஹார்ட் கிரேனின் கவிதையிலிருந்து ஒரு தொடரை எடுத்துச் சூட்டினார். கவிதையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வசந்தம்கூட இல்லை, மலை ஊற்று. ஆனால் ரசிகர்கள் வந்து, "அப்பலாச்சிய மலையையும் வசந்தத்தையும் அப்படியே கேட்டேன்" என்று சொல்வார்களாம். கோப்லண்ட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு தேசிய முத்திரை பெற்றவரைத்தான் 1953-ல் கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சந்தேகப்பட்டார்கள். அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்பு விழாக் கச்சேரியிலிருந்து அவருடைய 'லிங்கன் போர்ட்ரெய்ட்' நீக்கப்பட்டது. அதே ஆண்டு, கம்யூனிஸ்டுகளைத் தேடித் துருவிய செனட்டர் மெக்கார்த்தியின் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

படங்களில் சோகக் காட்சிக்கு வருமே, மெதுவாக ஏறிக்கொண்டே போகும் வயலின்கள்?

சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்'. முதலில் 1936-ல் எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டின் நடுப்பகுதி. 1938 நவம்பரில் புகழ்பெற்ற நடத்துநர் டோஸ்கனினி அதை வானொலியில் நடத்தியதும் நாடு முழுக்கப் பரவியது. அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த செய்தியின்போதும் வானொலியில் ஒலித்தது. 'பிளட்டூன்' என்ற வியட்நாம் போர்ப் படத்தில் வந்த பிறகு உலகமே துக்கத்துக்கு இதைப் பிடித்துக்கொண்டது. பாவம், பார்பர் எழுதிய மற்றதெல்லாம் இதன் நிழலில் ஒதுங்கிவிட்டது. அவருடைய வயலின் கான்செர்ட்டோவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒன்பது வயது வாக்கில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், நான் விளையாட்டு வீரனாகப் பிறந்தவன் இல்லை, இசையமைப்பாளனாகப் பிறந்தவன், கால்பந்து ஆடப் போ என்று சொல்லாதீர்கள் என்று எழுதிய பிள்ளை.

ட்வோர்ஷாக் சொன்னபடி கறுப்பின இசையமைப்பாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்ததா?

மெட்டுகளுக்குக் கிடைத்தது, மனிதர்களுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

வில்லியம் கிராண்ட் ஸ்டிலின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' 1931-ல் ராச்செஸ்டரில் அரங்கேறியது. பன்னிரண்டு தாளச் சுற்று (பார்) கொண்ட புளூஸ் அமைப்பை முதல் பகுதியின் கருவாக வைத்து, மூன்றாம் பகுதியில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தையும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் உட்கார வைத்தார்.

ஃப்ளோரன்ஸ் பிரைஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அர்கன்ஸா மாநிலம் லிட்டில் ராக்கில் 1887-ல் பிறந்தார், பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தார். ஊரில் இனவெறி வன்முறை தலைவிரித்தாடிய 1927-ல் குடும்பத்தோடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். மணமுறிவுக்குப் பின் பெண் பிள்ளைகளை வளர்க்க, ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசித்தார். இதற்கு நடுவில் எழுதிய முதல் சிம்பொனிக்கு 1932-ல் வானமேக்கர் போட்டியில் முதல் பரிசு. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி அதை வாசித்தது. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று ஒரு கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை.

வழக்கமாகச் சிம்பொனியின் மூன்றாம் பகுதி துள்ளலாக இருக்கும். அந்த இடத்தில் பிரைஸ் 'ஜூபா' நடனத்தை வைத்தார். அடிமைகள் கையில் முரசு கிடைக்கக் கூடாது என்று தடுத்த காலத்தில், தொடையிலும் மார்பிலும் தட்டி உடம்பையே தாள வாத்தியமாக்கிக்கொண்ட ஆட்டம் அது.

கதவு திறந்துவிட்டது என்றுதானே நினைப்போம். பத்து வருடம் கழித்து, 1943-ல், பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு அவர் எழுதிய கடிதம், எனக்கு இரண்டு குறைகள் உண்டு, ஒன்று பெண், இன்னொன்று இனம் என்று தொடங்குகிறது. இரக்கம் வேண்டாம், இசையை மட்டும் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். கூசெவிட்ஸ்கி அவர் இசையை மேடையேற்றவில்லை. பிரைஸ் 1953-ல் இறந்தார், பெயரும் மெல்ல மறைந்தது.

2009-ல் இல்லினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற ஊரில் பாழடைந்த வீடொன்றைச் செப்பனிட வாங்கியவர்கள் உள்ளே கட்டுக்கட்டாக இசைக் காகிதங்களைக் கண்டார்கள். பிரைஸ் கோடைக்காலத்தில் தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அந்தக் கட்டுகளில் இருந்தன. இன்று ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா பதிவு செய்த பிரைஸ் சிம்பொனிகள் கிராமி வாங்கியிருக்கின்றன. கூரை இன்னும் கொஞ்சம் ஒழுகியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

வேறு பெண்கள்?

ரூத் க்ராஃபோர்ட் சீகரின் 1931 ஸ்ட்ரிங் குவார்ட்டெட் அவசியம். மூன்றாம் பகுதியில் நான்கு வாத்தியங்களும் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் மாறி மாறி ஏற்றி இறக்கும், அலை உருளுவது போல. அப்புறம் அவர் நாட்டுப்புறப் பாடல்களை எழுத்தில் பதிவதிலேயே ஆழ்ந்துவிட்டார். பாடகர் பீட் சீகருக்கு இவர் சிற்றன்னை. இசைக்கான புலிட்சரைப் பெற்ற முதல் பெண் எலன் டாஃப் ஸ்விலிக், அதற்கே 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத இசை என்கிறார்களே, ஏமாற்று வேலைதானே?

ஜான் கேஜின் '4 நிமிடம் 33 விநாடி'. 1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலம் உட்ஸ்டாக் அருகே மாவரிக் அரங்கம். பியானோ கலைஞர் டேவிட் டியூடர் வந்து உட்கார்ந்தார், பியானோ மூடியைச் சாத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பகுதிகள், பகுதி மாறும்போது மூடியைத் திறந்து மீண்டும் சாத்தினார். முடிந்ததும் எழுந்து வணங்கினார். சபையில் ஒரே கொந்தளிப்பு.

அந்த அரங்கம் மரத்தாலானது, காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். முதல் பகுதியில் காற்று, இரண்டாம் பகுதியில் கூரையில் மழைத்துளி, மூன்றாவதில் மக்கள் முணுமுணுத்தபடி எழுந்து போகும் சத்தம் என்று கேஜ் பின்னால் விவரித்தார். அதற்கு முன் ஹார்வர்டில், எந்த ஒலியும் எதிரொலிக்காத அறைக்குள் போய் நின்று பார்த்திருந்தார். அங்கேயும் இரண்டு சத்தம் கேட்டது, இரண்டும் தன் உடம்பிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது. உயிரோடு இருக்கும்வரை நிசப்தம் கிடையாது என்பது அன்றைக்கு உறைத்தது. ஏமாற்று வேலை என்றால் டிக்கெட் பணத்தோடு முடிந்திருக்கும், இது முடியவில்லை. ஆனால் வீட்டில் ரெக்கார்டிங் போட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கும் சிரிப்பு வரும்.

இதே கேஜ்தான் 'சொனாட்டாக்களும் இடைப்பகுதிகளும்' (1946–48) எழுதியவர். பியானோ கம்பிகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், ரப்பர் எல்லாம் செருகி, பியானோவையே ஒரு தாள வாத்தியக் கூட்டமாக மாற்றிவிடுவார். அந்தப் படைப்புக்குப் பின்னால் இருப்பது நவரசக் கோட்பாடு. கேஜ் அதைக் கற்றது ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகளிலிருந்து. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய குமாரசுவாமி, கொழும்பில் பிறந்த இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன். அகமதாபாத்திலிருந்து வந்த கீதா சாராபாயோடு கேஜ் ஒரு பண்டமாற்றும் செய்துகொண்டார். அவருக்கு இவர் பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் மேற்கத்திய கவுண்டர்பாயிண்ட் சொல்லித் தருவது, இவருக்கு அவர் இந்திய இசை. சங்கீதம் எதற்கு என்று கேட்டபோது, மனத்தை அமைதிப்படுத்தி தெய்வீகத்தை ஏற்கும்படி ஆக்குவதற்கு என்று தன் குரு சொன்னதை கீதா எடுத்துச் சொன்னார். கேஜ் அதைக் கடைசிவரை மேற்கோள் காட்டினார்.

சின்னச் சின்னக் கோர்வைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் மினிமலிசம் ஏன் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிறது?

சுற்றவில்லை, நகர்கிறது. மெதுவாக. உங்களால் நேரில் சோதித்துப் பார்க்க முடிந்தது ஒன்று: ஸ்டீவ் ரைஷின் 'கைதட்டல் இசை' (1972). இரண்டு பேர், நான்கு கை, வேறு வாத்தியம் வேண்டாம். 12 அட்சரம் கொண்ட ஒரு தாளக் கோர்வையை இருவரும் சேர்ந்து தட்டுவார்கள். ஒருவர் அதிலேயே நிற்பார். மற்றவர் சில சுற்றுக்கு ஒருமுறை ஓர் அட்சரம் தள்ளிக்கொள்வார். இப்படி 12 முறை தள்ளினால் மறுபடியும் இருவரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் கேட்கும் விதவிதமான கோர்வைகளை யாரும் தனியாக எழுதவில்லை! கோர்வை வந்து சமத்தில் விழுவதற்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த இசை அந்நியமே இல்லை.

1964-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டெரி ரைலியின் 'இன் சி' இதைத் தொடங்கிவைத்தது. 53 சிறு சொற்கட்டுகள், எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பது என்பது அவரவர் விருப்பம். ரைலி பின்னாளில் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண்நாத்தின் சீடராகிப் பல வருடம் பாட்டுக் கற்றார்.

ஃபிலிப் கிளாஸ் கதை வேறு. 1960-களில் பாரிஸில் ரவிசங்கரின் திரைப்பட இசையைப் பிரெஞ்சு வாத்தியக்காரர்களுக்காக எழுதிக் கொடுக்கும் வேலை. தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் கோட்டை எங்கே போட்டாலும் தபலா கலைஞர் அல்லா ரக்கா தலையை ஆட்டி, எல்லா ஸ்வரமும் சமம் என்றார். கடைசியில் கோடுகளையே அழித்துவிட்டபோது, கிளாஸுக்கு லயம் என்பது வேறு மாதிரி விளங்கியது. ஊர் திரும்பிக் குழாய் பொருத்தும் வேலை செய்தார், டாக்சி ஓட்டினார். 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' 1976-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கில் நிரம்பி வழிந்தது. அப்புறமும் கடன் தீரவில்லை, மறுபடி டாக்சிக்கே போனார்.

கிளாஸ் காந்தியைப் பற்றி ஆபரா எழுதியது உண்மையா?

உண்மை. 'சத்யாகிரகா', 1980-ல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்கக் காந்திதான் நாயகர், மகாத்மா ஆவதற்கு முந்தையவர். பாடும் வரிகள் முழுக்க பகவத் கீதையின் சமஸ்கிருதம். கடைசி அங்கத்தில் வருவது 1913-ன் நியூகாசில் பேரணி. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு நடந்த அந்தத் தொழிலாளர்களில் பெரும் பகுதி தமிழர்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த அங்கம் வேறு மாதிரி ஒலிக்கும். காந்தியின் கடைசிப் பாட்டில் ஏறுவரிசையாக எட்டு ஸ்வரங்கள், அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்.

மெட்ராஸ் என்ற பெயரில் ஒரு சிம்பொனி இருக்கிறதாமே?

ஹென்றி கவெல்லின் 13-ஆம் சிம்பொனி, 'மெட்ராஸ்'. தாமஸ் ஷெர்மன் நடத்திய நியூயார்க் குழு ஒன்று 1959-ல் சென்னையிலேயே அதை முதலில் வாசித்தது. தபலாவுக்கும் ஜலதரங்கத்துக்கும் அதில் இடம் உண்டு. கவெல்லுக்குக் கர்நாடக இசை திடீர்க் காதல் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இருந்தபோதே பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் பாடம் கேட்டவர். கேஜுக்கும் கெர்ஷ்வினுக்கும் இவர் ஆசிரியராக இருந்தார். முழங்கையால் பியானோக் கட்டைகளை மொத்தமாக அழுத்துவது, மூடியைத் திறந்து கம்பிகளைக் கையாலேயே வருடுவது எல்லாம் இவர் தொடங்கிவைத்த குறும்பு.

ஆர்மீனிய வம்சாவளியில் வந்த ஆலன் ஹோவானெஸும் 1959-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து தங்கினார். இங்குள்ள அகில இந்திய வானொலிக் கலைஞர்களுக்காக 'நாகூரான்' என்று ஒரு படைப்பு எழுதினார். அவர் எழுதிய சிம்பொனிகள் மொத்தம் 67. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 'மர்ம மலை' என்ற இரண்டாம் சிம்பொனி நிஜமாகவே அழகு.

லெனர்ட் பெர்ன்ஸ்டைன்?

நடத்துநர், ஆசிரியர், பிராட்வே இசை நாடகக்காரர், இசையமைப்பாளர் எல்லாம் ஒரே ஆளில். 1943-ல், நடத்த வேண்டிய புரூனோ வால்ட்டருக்குக் காய்ச்சல் வந்ததால் ஒத்திகை இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்தி, மறுநாள் முதல் பக்கச் செய்தியானார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் 'மரியா' என்று பாடும் மூன்று எழுத்து ஸ, பிரதிமத்யமம், பஞ்சமம். அந்த மத்யமம் பஞ்சமத்துக்கு ஏங்கி நிற்கும் அரை நொடியில்தான் காதல் முழுக்க இருக்கிறது.

புலிட்சர் பரிசை வைத்துத் தரம் பார்க்கலாமா?

வேண்டாம். 1965-ல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்புப் பரிசு தரலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தார்கள், மேலே இருந்த குழு மறுத்துவிட்டது. அப்போது 66 வயதான எலிங்டன், இவ்வளவு சின்ன வயதில் நான் புகழடைவதை விதி விரும்பவில்லை போலும் என்றார்.

எலியட் கார்ட்டரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

நூறு வயது தாண்டியும் எழுதிக்கொண்டிருந்த மாமேதை, சந்தேகமில்லை. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சேர்க்கிறேன்.

இன்று யார் எழுதுகிறார்கள்?

ஜான் ஆடம்ஸ் மூத்தவர். 1987-ல் வந்த 'நிக்சன் இன் சைனா' ஆபராவும், 'ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்' என்ற நான்கு நிமிடப் பாய்ச்சலும் அவருடையவை. இளையவர்களில் கரோலின் ஷா. எட்டுக் குரல்கள் பாடி, பேசி, மூச்சு வாங்கி, கிசுகிசுக்கும் 'பார்ட்டிட்டா'வுக்காக 2013-ல், 30 வயதில் புலிட்சர் வாங்கினார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் ஐவ்ஸின் 'விடை கிடைக்காத கேள்வி', ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு. அடுத்து 'ராப்சடி இன் ப்ளூ', ஆர்க்கெஸ்ட்ராப் பதிவு வேண்டாம், முதலில் எழுதிய சிறு பாண்டுக்கான வடிவம் கிடைத்தால் அதுவே நல்லது. 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' விஷயத்திலும் 13 வாத்திய வடிவத்துக்கே என் பரிந்துரை. ரைஷின் '18 பேருக்கான இசை' ஒரு மணி நேரம் ஓடும், நீண்ட ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால் எதுவும் பிடிபடாது.

நேரில் கேட்கப் போனால் எப்போது கைதட்டுவது?

முழுப் படைப்பும் முடிந்த பிறகு. பகுதிகளுக்கு நடுவே வரும் அமைதியில் இருமிக்கொள்ளலாம், தட்டக் கூடாது என்பது இன்றைய வழக்கம். பிரைஸின் முதல் சிம்பொனி என்றால் மட்டும் கொஞ்சம் சிரமம். ஜூபா முடிந்ததும் கை தானாக எழும். அடக்கிக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது.